மூட்டுவலி மாத்திரை இதயத்தை என்ன செய்கிறது?

உங்கள் அம்மாவுக்கு 63 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்துக்கொள்கிறார். முழங்கால் தேய்மானத்துக்காகத் தெருமுனை மருந்துக்கடையில் வாங்கும் அசிக்ளோஃபினாக், பாராசிட்டமால் கூட்டு வலி மாத்திரையையும் பல மாதங்களாக விடாமல் போடுகிறார். நீங்கள் கேட்பது இரண்டு. இந்த வலி மாத்திரை இதயத்துக்கு ஆகாது என்பது உண்மையா? மாரடைப்புக்கே அழற்சி ஒரு காரணம் என்று இப்போது சொல்கிறார்களே, அப்படியானால் அழற்சியை அடக்கும் மாத்திரை இதயத்தைக் காப்பாற்றத்தானே வேண்டும்?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். உண்மைதான். ஏற்கெனவே இதய நோய் உள்ள ஒருவர் இந்த மாத்திரைகளை மாதக்கணக்கில் தினமும் போடுவது ஆபத்தானது. இந்த வாரமே மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு அவருடைய இதய மருத்துவரைப் பாருங்கள். அதற்குள் பயந்துபோய் ஆஸ்பிரினை நிறுத்திவிட வேண்டாம். நான் பேசப்போவது வலி மாத்திரையைப் பற்றித்தான். ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரின் உயிர் காக்கும் மருந்து.

இரண்டாவது கேள்வியை மருந்தியல் வகுப்பில் எந்த மாணவர் கேட்டாலும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். அதற்கு விடை ரத்தக்குழாயின் வேதியியலில் இருக்கிறது.

நம் செல்களின் சவ்வில் அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு இருக்கிறது. செல் தூண்டப்பட்டால் இந்தக் கொழுப்பு விடுபடும். சுருக்கமாகக் காக்ஸ் என்று அழைக்கப்படும் ஒரு நொதி அதை ஓர் இடைப்பொருளாக மாற்றும். அந்த இடைப்பொருள் அடுத்து என்னவாக மாறும் என்பது செல்லைப் பொறுத்தது. ஒரே மாவைத் தட்டில் ஊற்றினால் இட்லி, கல்லில் ஊற்றினால் தோசை என்பது போலத்தான். ரத்தத் தட்டணுவில் அது திராம்பாக்சேன் ஆகிறது. ரத்தக்குழாயின் உட்படலத்தில் புரோஸ்டாசைக்ளின் ஆகிறது. வயிற்றில் அமிலத்திலிருந்து இரைப்பைச் சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டினாகவும், வீங்கிய மூட்டில் வலியைக் கூட்டும் புரோஸ்டாகிளாண்டினாகவும் மாறுகிறது.

இதில் இதயத்துக்கு முக்கியமானவை முதல் இரண்டும். திராம்பாக்சேன் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும், குழாயைச் சுருக்கும். காயம் பட்டால் ரத்தம் நிற்பதற்கு அது தேவை. புரோஸ்டாசைக்ளின் செய்வது நேர் எதிர் வேலை. அது தட்டணுக்களை ஒட்டவிடாது, குழாயை விரிக்கும். திராம்பாக்சேனை 1975-இல் சுவீடனில் சாமுவேல்சன் குழுவும், புரோஸ்டாசைக்ளினை 1976-இல் இங்கிலாந்தில் ஜான் வேன், மொன்காடா குழுவும் கண்டுபிடித்தார்கள். ஆஸ்பிரின் வேலை செய்வது புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை நிறுத்துவதால்தான் என்று 1971-இல் காட்டியவரும் வேன்தான். இந்த ஆய்வுகளுக்காக 1982-இல் இவர்களில் வேன், சாமுவேல்சன் இருவருக்கும், பெர்க்ஸ்ட்ரோமுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

உட்படலத்துக்கு இன்னொரு காவலும் உண்டு. அது நைட்ரிக் ஆக்சைடு. நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை உடலுக்குள் இந்த நைட்ரிக் ஆக்சைடின் வேலையைச் செய்துதான் குழாயை விரிக்கிறது. ஆரோக்கியமான குழாயில் இந்த இரண்டு காவலும் ஒன்றுக்கொன்று துணை. சர்க்கரை நோய், புகைப்பழக்கம், உயர் ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு ஆகியவை நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைக் குறைத்துவிடும். அப்படிப்பட்ட குழாய் புரோஸ்டாசைக்ளினையே அதிகம் நம்பியிருக்கிறது. உங்கள் அம்மாவின் குழாய்களும் இந்த நிலையில்தான் இருக்கக்கூடும். மீதியிருக்கும் அந்தக் காவலை வலி மாத்திரை வந்து நிறுத்துகிறது.

காக்ஸ் நொதியில் இரண்டு வகை உண்டு என்பது 1991 வாக்கில் தெரியவந்தது. காக்ஸ்-1 எப்போதும் எல்லா இடத்திலும் இருக்கும். வயிற்றைக் காப்பதும் தட்டணுவில் திராம்பாக்சேன் தயாரிப்பதும் அதன் வேலை. காக்ஸ்-2 அழற்சி உள்ள இடத்தில் மட்டும் தலைகாட்டும் என்று அன்று கருதினார்கள். பழைய வலி மாத்திரைகள் இரண்டையும் தடுத்ததால் வயிற்றுப்புண்ணும் ரத்தக்கசிவும் வந்தன. காக்ஸ்-2 ஒன்றை மட்டும் தடுக்கும் மருந்து கிடைத்தால் வலியும் போகும், வயிறும் தப்பும் என்று எல்லோரும் நம்பினார்கள். நல்ல நம்பிக்கைதான். வயிற்றுப்புண் வெடித்து இறந்த மூட்டுவலி நோயாளிகள் ஏராளம். அவர்களுக்காகத் தேடப்பட்ட மருந்து இது.

அந்த நம்பிக்கை ஓர் இடத்தில் பிசகியது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் காரட் ஃபிட்ஸ்ஜெரால்டு குழு, நோயே இல்லாதவர்களுக்குக் காக்ஸ்-2 தடுப்பு மருந்தான செலிகாக்சிபைக் கொடுத்துச் சிறுநீரைப் பரிசோதித்தது. புரோஸ்டாசைக்ளின் சிதைந்து வரும் பொருள் சிறுநீரில் வெகுவாகக் குறைந்திருந்தது. திராம்பாக்சேன் குறையவில்லை. உடலில் எங்கும் அழற்சி இல்லாதவருக்கும் புரோஸ்டாசைக்ளின் காக்ஸ்-2 வழியாகவே வருகிறது என்பது இதன் பொருள். ரத்தம் சீராகப் பாயும்போது குழாய்ச் சுவரில் ஏற்படும் உராய்வே உட்படலத்தில் காக்ஸ்-2 உருவாகத் தூண்டுகிறது என்று ஆய்வகத்தில் ஏற்கெனவே கண்டிருந்தார்கள். ஆக, காக்ஸ்-2ஐ மட்டும் தடுத்தால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் குறையும், உறைய வைக்கும் பொருள் அப்படியே இருக்கும். இந்த ஆய்வு வெளியான ஆண்டு 1999. காக்ஸ்-2ஐ மட்டும் குறிவைத்த ரோஃபெகாக்சிப் என்ற மருந்து, வயாக்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றதும் அதே ஆண்டுதான்.

அடுத்து நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வயாக்ஸை நாப்ராக்சன் என்ற பழைய மாத்திரையோடு ஒப்பிட்டு, முடக்குவாதம் உள்ள 8,076 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2000 நவம்பரில் வெளியானது. வயிற்றுப் பிரச்சினை பாதியாகக் குறைந்திருந்தது. அது பெரிய வெற்றி. ஆனால் மாரடைப்பு நாப்ராக்சன் எடுத்தவர்களில் 0.1 சதவிகிதம், வயாக்ஸ் எடுத்தவர்களில் 0.4 சதவிகிதம். தயாரிப்பு நிறுவனமான மெர்க் இதற்குச் சொன்ன விளக்கம், வயாக்ஸ் கெடுதல் செய்யவில்லை, நாப்ராக்சன்தான் ஆஸ்பிரினைப் போல இதயத்தைக் காத்திருக்கிறது என்பது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்காது. ஆஸ்பிரினே மாரடைப்பைக் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்குதான் குறைக்கிறது. அந்த ஆய்வின் வித்தியாசம் முழுவதும் நாப்ராக்சனின் புண்ணியம் என்றால் அது மாரடைப்பை முக்கால் பங்குக்கு மேல் குறைத்திருக்க வேண்டும். அப்படி ஒரு மருந்து உலகில் இல்லை. வயாக்ஸ் குழுவில் மேலும் மூன்று மாரடைப்புகள் அந்தக் கட்டுரையில் சேர்க்கப்படாமல் விடப்பட்டிருந்தன என்று, கட்டுரையை வெளியிட்ட மருத்துவ இதழே 2005 டிசம்பரில் கவலை தெரிவித்தது.

உண்மை வேறு ஓர் ஆய்வில் வெளிப்பட்டது. பெருங்குடல் கட்டிகள் திரும்ப வராமல் தடுக்க வயாக்ஸ் உதவுமா என்று 2,586 பேரிடம் பார்த்தார்கள். இந்த முறை ஒப்பீட்டுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. அதனால் நாப்ராக்சனைக் காரணம் சொல்ல வழியில்லை. வயாக்ஸ் எடுத்தவர்களில் 46 பேருக்கும், போலி மாத்திரை எடுத்தவர்களில் 26 பேருக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற உறைவு சார்ந்த பாதிப்புகள் வந்தன. 2004 செப்டம்பர் 30 அன்று மெர்க் உலகம் முழுவதும் வயாக்ஸைத் திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் மட்டும் இதனால் 88,000 முதல் 1,40,000 பேர் வரை கூடுதலாகக் கடுமையான இதய நோய்க்கு ஆளாகியிருக்கலாம் என்பது, அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையைச் சேர்ந்த டேவிட் கிரஹாம் குழுவின் மதிப்பீடு. சிறுநீரில் தெரிந்த அறிகுறிக்கும் கடைகளிலிருந்து மருந்து அகன்றதற்கும் இடையே ஐந்து ஆண்டுகள் போய்விட்டன. வேதியியல் ஒரு எச்சரிக்கை கொடுத்தால் அதற்கு உரிய ஆய்வை உடனே நடத்த வேண்டும் என்று நான் மாணவர்களிடம் வலியுறுத்துவது இதனால்தான்.

வயாக்ஸ்தான் போய்விட்டதே என்று நிம்மதியடைய முடியாது. நம் மருந்துக்கடைகளில் கேட்டவுடன் கிடைக்கும் டைக்ளோஃபினாக், பழைய மருந்தாக இருந்தாலும் காக்ஸ்-2ஐத் தடுப்பதில் ஏறத்தாழ செலிகாக்சிபுக்கு இணையானது. எட்டோரிகாக்சிப் என்ற புதிய மருந்தை டைக்ளோஃபினாக்கோடு ஒப்பிட்டு 34,701 பேரிடம் நடந்த ஆய்வில், உறைவு சார்ந்த பாதிப்புகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. புதிய மருந்து பழையதைவிட மோசமில்லை என்று இதை விளம்பரப்படுத்தினார்கள். நான் இதைப் பழையதும் புதியதைப் போலவே ஆபத்தானது என்றுதான் படிக்கிறேன். அமெரிக்கா எட்டோரிகாக்சிபுக்கு அனுமதி தரவில்லை. இந்தியாவில் அது தாராளமாகக் கிடைக்கிறது. உங்கள் அம்மா எடுப்பதாக நீங்கள் எழுதியிருக்கும் அசிக்ளோஃபினாக், பாராசிட்டமால் கூட்டு மாத்திரையில் உள்ள முதல் மருந்து டைக்ளோஃபினாக்கின் நெருங்கிய உறவு. மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு டைக்ளோஃபினாக் கூடாது என்று 2013-இல் அறிவித்த ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அதே தடையைப் பின்னர் அசிக்ளோஃபினாக்குக்கும் விதித்தது.

ஆபத்து எவ்வளவு என்று தெரிந்தால்தான் அளவாகப் பயப்பட முடியும். நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்கின்படி, ஆயிரம் பேர் ஓராண்டுக்கு டைக்ளோஃபினாக்கையோ காக்ஸ்-2 தடுப்பு மருந்தையோ தினமும் அதிக அளவில் எடுத்தால், கூடுதலாக மூன்று பேருக்குப் பெரிய இதய, ரத்தக்குழாய் பாதிப்பு வரும். அதில் ஒருவர் இறப்பார். இது சராசரி. ஏற்கெனவே இதய நோய் உள்ளவருக்கு அடிப்படை ஆபத்தே அதிகம் என்பதால் இந்த எண்ணும் கூடும். அதிக அளவு இபுபுரூஃபனும் இதே திசையில்தான் போகிறது. நாப்ராக்சன் மட்டும் இந்தக் கணக்கில் இதய ஆபத்தைக் கூட்டவில்லை. அது உடலில் நீண்ட நேரம் தங்கி, தட்டணுவின் திராம்பாக்சேனையும் நாள் முழுவதும் அடக்கிவைப்பது காரணமாக இருக்கலாம். ஆனால் வயிற்றில் ரத்தக்கசிவு அதில் அதிகம், ஆஸ்பிரினோடு சேர்ந்தால் இன்னும் அதிகம். ஆகவே இதை மாற்று மருந்தாக நீங்களே வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆஸ்பிரினும் இதே குடும்பத்து மருந்துதானே, அது மட்டும் எப்படி இதயத்தைக் காக்கிறது என்ற சந்தேகம் இந்நேரம் வந்திருக்கும். மற்ற வலி மாத்திரைகள் காக்ஸ் நொதியில் சில மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்துபோய்விடும். ஆஸ்பிரின் அந்த நொதியை நிரந்தரமாக முடக்கிவிடும். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. புதிய நொதியைத் தயாரித்துக்கொள்ள அதனால் முடியாது. தன் எட்டு, பத்து நாள் ஆயுள் முடியும்வரை அது முடங்கியே கிடக்கும். குழாயின் உட்படலச் செல்லுக்கு உட்கரு உண்டு. சில மணி நேரத்தில் புதிய நொதியைத் தயாரித்துப் புரோஸ்டாசைக்ளினைத் தொடரும். அதோடு, குறைந்த அளவு ஆஸ்பிரின் குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் ரத்தத்திலேயே தட்டணுக்களைப் பிடித்துவிடுகிறது. பிறகு கல்லீரல் அதன் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்துவிடுவதால், உடலின் மற்றக் குழாய்களுக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். திராம்பாக்சேன் குறைகிறது, புரோஸ்டாசைக்ளின் தப்பிக்கிறது. 75 மில்லிகிராம் என்ற சிறிய அளவுக்குப் பின்னால் இவ்வளவு நுட்பம் இருக்கிறது. 1988-இல் வந்த பெரிய ஆய்வில், மாரடைப்பு வந்த 17,187 பேரில் ஒரு மாத ஆஸ்பிரின் இதய, ரத்தக்குழாய் மரணங்களை 23 சதவிகிதம் குறைத்தது.

இந்த ஏற்பாட்டை இபுபுரூஃபன் கெடுக்கும். ஆஸ்பிரின் போய் ஒட்ட வேண்டிய இடத்தில் இபுபுரூஃபன் முன்பே உட்கார்ந்திருந்தால், ஆஸ்பிரின் உள்ளே நுழைய முடியாமல் ரத்தத்திலிருந்து வெளியேறிவிடும். சில மணி நேரத்தில் இபுபுரூஃபனும் எழுந்துபோகும். தட்டணு பழையபடி உறையத் தயார். ஆஸ்பிரின் எடுப்பவர் எப்போதாவது ஒரு இபுபுரூஃபன் போட நேர்ந்தால், சாதாரண ஆஸ்பிரினை விழுங்கி அரை மணி நேரமாவது கழித்துப் போட வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சொல்கிறது. நம் ஊரில் பலரும் வாங்கும் ஆஸ்பிரின், வயிற்றில் கரையாத பூச்சுள்ள மாத்திரை. அதற்கு இந்த அரை மணிக் கணக்கு பொருந்தாது. ஆகவே இரண்டையும் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

சிறுநீரகத்தையும் மறந்துவிடக் கூடாது. அங்கே ரத்த ஓட்டத்தைக் காப்பதும், உப்பை வெளியேற்ற உதவுவதும் புரோஸ்டாகிளாண்டின்தான். வலி மாத்திரை அதை நிறுத்தினால் உப்பும் நீரும் தேங்கும், ரத்த அழுத்தம் ஏறும். இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு, நாப்ராக்சன் உட்பட எல்லா வலி மாத்திரைகளிலும் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. அழுத்தத்துக்கான மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒருவர் உடலில் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கவும் கூடும். முதியவர்களிடம் இந்த மூன்றும் சேர்வது மிகச் சாதாரணம். மருந்துகளை எழுதுபவர்கள் வேறு வேறு மருத்துவர்கள் என்பதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. குழாய்ச் சுவரில் கொழுப்பு படிந்த இடத்தில் அழற்சி நடப்பது உண்மை. கொழுப்புப் படிகங்களைக் கண்டு வெள்ளணுக்கள் தூண்டப்படுகின்றன. அழற்சிச் செய்தியைக் கடத்தும் புரதமான இன்டர்லூக்கின்-1 வெளிப்படுகிறது, அது இன்டர்லூக்கின்-6ஐத் தூண்டுகிறது, அதன் விளைவாகக் கல்லீரல் சிஆர்பி என்ற புரதத்தைச் சுரக்கிறது. இந்தச் சங்கிலியால் கொழுப்புப் படிவின் மேல்மூடி மெலிந்து ஒருநாள் உடைகிறது. வலி மாத்திரை இந்தச் சங்கிலியைத் தொடுவதில்லை. அது தொடுவது வேறு பாதை. அழற்சி என்ற ஒரே பெயரில் உடலில் பல பாதைகள் இருக்கின்றன. எந்த இடத்தில் வெட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதை 2017-இல் அமெரிக்க இதய ஆய்வாளர் பால் ரிட்கரின் குழு காட்டியது. மாரடைப்பு வந்த 10,061 பேரில், இன்டர்லூக்கின்-1ஐ மட்டும் முடக்கும் கனாகினுமாப் ஊசி, கொழுப்பின் அளவைத் தொடாமலே அடுத்த பாதிப்புகளை 15 சதவிகிதம் குறைத்தது. ஆனால் தொற்றால் இறந்தவர்கள் கூடினார்கள். ஊசியின் விலையும் மிக அதிகம்; இதயத்துக்கான மருந்தாக அது வரவில்லை. முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டை அதே குழு முயன்றபோது இன்டர்லூக்கினும் குறையவில்லை, சிஆர்பியும் குறையவில்லை, இதயத்துக்கும் பயனில்லை.

பயன் தந்தது, யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலியான வாத ரத்தத்துக்குக் கொடுக்கும் பழைய, மலிவான கால்சிசின். கனடாவின் மாண்ட்ரியல் இதய நிறுவனம் தலைமையில் 2019-இல் வெளியான ஆய்வில், மாரடைப்புக்குப் பின் தினமும் 0.5 மில்லிகிராம் எடுத்தவர்களில் 5.5 சதவிகிதம் பேருக்கு மறுபடி பாதிப்பு வந்தது; எடுக்காதவர்களில் 7.1 சதவிகிதம். அடுத்த ஆண்டு நாள்பட்ட இதய நோயாளிகளிடம் நடந்த இன்னொரு ஆய்வும் இதையே சொன்னது. 2023-இல் அமெரிக்கா இதய நோய்க்கு இதை அனுமதித்தது. ஆனால் 2024-இல் 7,062 பேரிடம் நடந்த ஆய்வில் பயன் தெரியவில்லை, விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

இந்தக் கால்சிசின் நமக்கு அந்நியமில்லை. நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது இதுதான். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் கம்பி வேலியில் கொடி ஏற்றிக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் அதைப் பயிரிடுகிறார்களே, அந்த விதையை வாங்கிக் கால்சிசின் பிரித்தெடுக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் கிழங்கை வாயில் வைத்துவிடக் கூடாது. மருந்து அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைந்த பொருள் இது. அந்தக் கிழங்கைத் தின்று இறந்தவர்கள் இங்கே உண்டு. மாத்திரையாகவே எடுத்தாலும் சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும், கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக் எடுப்பவர்களுக்கும் நஞ்சாகிவிடும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் எடுக்க வேண்டியது.

உங்கள் அம்மாவின் வலிக்கு என்ன வழி? வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது சரியல்ல. வலியோடு இருப்பவர் நடக்க மாட்டார். நடக்காமல் இருப்பதும் இதயத்துக்குக் கேடு. முழங்காலுக்கு முதலில் தடவும் ஜெல்லைக் கேளுங்கள். அதிலும் டைக்ளோஃபினாக்தான் இருக்கிறது, ஆனால் மாத்திரையோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் கலப்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொள்ளட்டும். இரண்டு மாதம் விடாமல் செய்தால் பலருக்கு மாத்திரையின் தேவை வெகுவாகக் குறைகிறது. பாராசிட்டமாலை அளவாக எடுக்கலாம். தினமும் 4 கிராம் என்ற முழு அளவில் தொடர்ந்து எடுத்தால் அதுவும் ரத்த அழுத்தத்தைச் சுமார் 5 புள்ளி ஏற்றுகிறது என்று 2022-இல் எடின்பரோ ஆய்வு காட்டியது. தண்ணீரில் நுரைத்துக் கரையும் பாராசிட்டமாலில் சோடியம் அதிகம், அதைத் தவிர்க்கவும். வலி மாத்திரை தவிர்க்கவே முடியாது என்று மருத்துவர் முடிவு செய்தால், எந்த மருந்து, எத்தனை நாள், கேஸ் மாத்திரை சேர வேண்டுமா என்று மூன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். சில நாளுக்கு என்று எழுதிய சீட்டை வைத்து ஆண்டுக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருப்பதுதான் நான் பார்ப்பதில் மிகப் பெரிய ஆபத்து.

பெயர் இல்லாத பொட்டலத்தில் மூட்டுவலிக்கு என்று விற்கும் பொடியோ உருண்டையோ வீட்டில் இருந்தால் உடனே நிறுத்திவிடாமல் அதையும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். மூலிகை என்று விற்ற மூட்டுவலி மாத்திரைகளில் டைக்ளோஃபினாக்கும் ஸ்டீராய்டும் கலந்திருந்ததை 2022-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டுபிடித்து எச்சரித்தது. ஸ்டீராய்டை மாதக்கணக்கில் எடுத்துவிட்டுத் திடீரென்று விட்டால் வேறு ஆபத்து வரும்.

மருத்துவரைப் பார்க்கும்வரை காலையில் எடையும் ரத்த அழுத்தமும் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறினாலோ, கணுக்கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நெஞ்சில் அழுத்தமோ, திடீரென்று வியர்த்துக் கொட்டுவதோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108க்கு அழையுங்கள்.